முத்துப்பேட்டையிலிருந்து வந்த தலைக்கவசம்

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பதினொன்றரைக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம். இர்ஃபானாவும் அவள் வாப்பா மீரா உசேனும் வந்து இறங்கினார்கள். கவசம் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வருடப் பழக்கம். நேரில் பார்ப்பது இன்றுதான். முப்பத்தெட்டு வயது என்று அவளே சொன்னாள். முகத்தைப் பார்த்தால் நம்ப முடியாது, விரல்களைப் பார்த்தால் நம்பலாம். ரெசின் பசை பட்டுத் தோல் வெடித்த விரல்கள். வாப்பா முத்துப்பேட்டையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். அட்டைப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"மேல ஏத்துங்க பெரியவரேங்கிறான் கண்டக்டர். தலைய யாராச்சும் லக்கேஜ்ல போடுவாங்களாடான்னேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு."

டீக்கடை பெஞ்சில் வைத்துத் திறந்தாள். 'வெல்மார்' எல்லைக்காவலனின் தலைக்கவசம். நான் பத்தாவது படிக்கும்போது டிவியில் வந்த ஆங்கில விண்வெளித் தொடர். குழுவில் பாதிப் பேர் அதற்காகவே இருக்கிறோம். அதே நெற்றி மேடு, அதே கன்னச் சரிவு, தாடைக்கு மேல் ஆறு காற்றுத் துளைகள். திரையை நிறுத்தி நிறுத்தி அளவெடுத்து, படகுக்குப் போடும் ஃபைபரிலேயே பதினான்கு மாதம் செய்திருக்கிறாள். நிறம்தான் பாக்கி. அதற்காகத்தான் என்னிடம் வந்தார்கள். போர் பார்த்த பொருள் மாதிரி அழுக்கும் துருவும் ஏற்றுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. வெண்ணாற்று வண்டலைக் காயவைத்துத் துணியில் சலித்து நான் போடும் புழுதி எந்த டப்பாவிலும் கிடைக்காது.

"பெயிண்ட் ஆகாம யாருக்கும் காட்டறதில்லன்னு இருக்கேன் சார். குழுவுல கூட மூச்சு விடல. உங்களுக்குத்தான் முதல்ல."

நான் சொன்ன பதில்: "பரவாயில்லம்மா, ஓரளவு வந்திருக்கு."

ஓரளவு.

13 ஆகஸ்ட்

மாடி அறையில் மேசைமேல் இருக்கிறது. அலமாரியில் என் பதினோரு பொருட்கள். துப்பாக்கி, பேசும் கருவி, எல்லைக்காவல் வில்லை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நகல்கள். எல்லாம் வாங்கியவை. நெஞ்சும் தோளும் முழங்காலும் ஃபோமில் நானே வெட்டினேன். தலை மட்டும் வரவில்லை. நான்கு முறை முயன்றாயிற்று. நான்காவதைப் பார்த்துவிட்டு என் மனைவி ஃபிளோரா, "இதுல புளி போட்டு வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

முத்துப்பேட்டையில் படகு ஒட்டுகிறவர் மகளுக்கு வந்தது, இயற்பியலில் முதுகலை படித்த எனக்கு ஏன் வரவில்லை?

16 ஆகஸ்ட்

ஜோஸ்வா என் பாடத்திட்டத்தைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறான். என்னிடம் படித்தவன், இன்று துறைத்தலைவன். நான் அந்த நாற்காலிக்கு வராத காரணம் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். 2006இல் நிர்வாகக் குழுவில் ஒருவரின் தங்கை மகன் பிட் வைத்து எழுதினான். பிடித்தேன். "விட்டுடுங்க சார், பெரிய இடம்" என்றார்கள். விடவில்லை. பதினெட்டு வருடமாக அதே பதவி, அதே அறை, அதே உடைந்த மின்விசிறி. போகட்டும். காப்பி அடிக்கிறவனை விடாத ஆள் என்ற பெயர் மட்டும் என்னுடையது. அதை எவனும் எடுக்க முடியாது.

18 ஆகஸ்ட்

குழுவை நடத்தும் ஃபாஜில் சென்னையிலிருந்து அறிவித்திருக்கிறான். ஜனவரியில் கண்காட்சி. தொடருக்குக் கவசம் செய்த பட்டறையில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் வருகிறார். தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஒரு தலைக்கவசம் அவர் மேசையில் இருக்கும். அவரே கையில் எடுத்துப் பார்த்துப் பேசுவார். செப்டம்பர் முதல் தேதிக்குள் படம் அனுப்ப வேண்டும்.

இர்ஃபானா தனியாக எழுதினாள்: "சார், அதுக்குள்ள பெயிண்ட் முடிஞ்சுடுமா?"

"மழை ஈரம் இருக்கு. பிரைமர் காயமாட்டேங்குது. பாப்போம்" என்று எழுதினேன்.

இரண்டு நாளாக வெயில் கொளுத்துகிறது.

20 ஆகஸ்ட்

விடுப்பு. ஃபிளோரா பள்ளிக்கூட வேலைக்குப் போனபிறகு ஹெல்மெட்டுக்கு மெழுகு தடவினேன். அளவை ஆராய மட்டும். துளைகளைக் களிமண்ணால் அடைத்து, சிலிகானைக் குழைத்து அடுக்கடுக்காகப் பூசினேன். என்னிடம் இருந்தது நீல நிறம். ஆராய்ச்சிக்கு அச்சு எடுப்பது தவறில்லை. அச்சு வேறு, அதிலிருந்து வார்ப்பது வேறு.

24 ஆகஸ்ட்

வார்த்தேன். கழன்று வந்தது. முழுசாக.

31 ஆகஸ்ட்

என் வார்ப்புக்கு நிறம் ஏற்றி, புழுதி போட்டு, ஜன்னலோரம் வைத்துப் பதினான்கு படம் எடுத்தேன். "இரண்டு வருட உழைப்பு" என்று எழுதிக் குழுவில் போட்டேன். இரண்டு வருடம் முயன்றது உண்மைதானே.

அரைமணி நேரத்தில் நூற்றுப் பத்து பேர் பாராட்டினார்கள். ஃபாஜிலே கூப்பிட்டான். "சார், சென்னைக்கு நீங்கதான். பேச்சே இல்ல."

கீழே போய்ச் சொன்னேன். ஃபிளோரா கையைத் துடைத்துக்கொண்டே மாடிக்கு வந்து, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இத்தன நாளும் நான் கிண்டல் பண்ணிட்டேனே உங்கள" என்றாள். கண் கலங்கியிருந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று நான் விளக்கைப் போட்டேன்.

2 செப்டம்பர்

இர்ஃபானா: "நல்லா இருக்கு சார். என்னோடது எப்ப வரும்?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் எழுதவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். மூன்று விதமாகத் தயார் செய்திருந்தேன்.

15 செப்டம்பர்

அவளுடையதை முடித்துவிட்டேன். என்னுடையதைவிட நன்றாகவே நிறம் ஏற்றியிருக்கிறேன். யாருக்காக இந்தச் சமாதானம்?

மீரா உசேன் வந்து வாங்கிக்கொண்டார். கையில் ஒரு கிலோ இறால், ஐஸ் போட்டுக் கட்டியது. "காலைல பிடிச்சது. வீட்டுல கொடுங்க, தொக்கு வைக்கச் சொல்லுங்க" என்றார். கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். ஃபிளோரா தொக்கு வைத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லி ரசம் சாப்பிட்டேன்.

22 செப்டம்பர்

இர்ஃபானா தன் தலைக்கவசத்தைக் குழுவில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் ஃபாஜில் கூப்பிட்டான்.

"சார், ரெண்டுலயும் இடது காதுக்குக் கீழ ஒரே பள்ளம். அரிசி சைஸு. தொடர்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. அப்ப ஒண்ணுலேர்ந்துதான் இன்னொண்ணு வந்திருக்கு. அந்த அக்கா உங்ககிட்ட வந்தாங்களா?"

நான் சொன்னேன்: "ஆகஸ்ட்ல வந்தாங்க. போன வாரம் அவங்க வாப்பா வந்து ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனாரு."

"புரிஞ்சுது சார். உங்களோடத வாங்கிட்டுப் போயி அச்சு எடுத்திருக்காங்க. உங்க நல்ல மனசுக்கு இப்படிப் பண்ணிட்டாங்களே."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வந்தார்கள். பெட்டி வாங்கிப் போனார்கள். இப்படிச் சொல்லத் தெரிவதற்குத்தான் படித்தேனா?

24 செப்டம்பர்

அடுத்தவர் செய்ததன்மேல் அச்சு எடுத்துத் தன்னுடையது என்று காட்டுவதைக் குழுவில் 'ரீகாஸ்ட்' என்பார்கள். மன்னிப்பில்லாத குற்றம். இர்ஃபானாவைத் திட்டி எழுபது பதிவுகள். "படகுக்கு ஒட்டுப் போடறவங்க எல்லாத்துக்கும் ஒட்டுப் போடுவாங்க" என்று ஒருவன். அதற்கு முப்பது சிரிப்பு. அவள் போட்டது ஒரே வரி: "சார்கிட்டயே கேளுங்க."

கேட்டாயிற்று என்று ஃபாஜில் எழுதினான். அவளை நீக்கினான்.

வேலை நடந்த படங்கள் அவளிடம் இருக்குமே. ஏன் போடவில்லை?

29 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது அவள் கூப்பிட்டாள். ஒதுங்கிப் போய் எடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

"சார், அந்தக் காத்துத் துளை இருக்குல்ல, மூணாவது, அதுக்குள்ள நீல சிலிகான் துணுக்கு ஒட்டியிருந்துச்சு. பெட்டியத் திறந்த அன்னிக்கே பாத்தேன். நான் நீலம் வாங்கினதே இல்ல சார். எங்கிட்ட படம் இருக்கு, முப்பது இருக்கு, மொத நாள்லேர்ந்து. போடுறேன்னேன். வாப்பாதான் வேணான்னுட்டாங்க. 'வாத்தியாரு, அவரே சொல்லுவாரு, ஒரு தடவ இடம் கொடு'ன்னாங்க. அதான் கூப்பிட்டேன். உங்களத் திட்ட இல்ல."

நான் ஹலோ, ஹலோ, கேக்கலையே என்றேன். தெளிவாகக் கேட்டது. வைத்துவிட்டேன்.

பின்னால் ஃபிளோரா தன் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஜனவரில சென்னைக்குப் போறோம். இவரு செஞ்சத அந்த வெள்ளக்காரரே பாக்கப் போறாரு."

6 அக்டோபர்

அவளாகவே படங்களைப் போட்டுவிட்டால் நிம்மதி. போடமாட்டேன் என்கிறாள். என்ன திமிர் இது? இடம் கொடுக்கிறார்களாம். யாருக்கு யார் இடம் கொடுப்பது?

7 அக்டோபர்

நேற்று எழுதியதை அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும். நான் எழுதியதுதான்.

19 அக்டோபர்

நல்ல மழை. ஒன்றும் செய்யவில்லை. மாடி அறைக்குப் போகவில்லை.

12 நவம்பர்

தேர்வு மேற்பார்வை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண், துப்பட்டாவுக்குள் தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். பேனா நின்றது. எழுந்து போய்க் கையை நீட்ட வேண்டும், இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுற்றிப் பார்க்க வந்த ஜோஸ்வாதான் பிடித்தான். வெளியே கூப்பிட்டுக் கேட்டான், மெதுவாக, மரியாதையாகத்தான்: "சார், உடம்புக்கு முடியலயா? உங்க ஹால்ல இப்படி நடந்ததே இல்லையே. 2006ல நான் உங்க ஸ்டூடன்ட் சார். அன்னிக்கு நீங்க அந்தப் பையன விடல பாருங்க, அதப் பாத்துட்டுத்தான் நான் வாத்தியார் வேலைக்கே வந்தேன்."

இத்தனை வருடமாக யாரை வெறுத்துக்கொண்டிருந்தேன்?

13 நவம்பர்

ஃபிளோராவிடம் சொன்னேன். சமையலறையில், நின்றுகொண்டே. முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் அடுப்பை அணைக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"அப்ப அந்தப் பையன எதுக்குப் பிடிச்சீங்க?" என்றாள். "அவனப் பிடிச்சதுக்கு நீங்க மட்டுமா பட்டீங்க? நானுந்தான் பட்டேன். சம்பளம் ஏறல, சொந்தக்காரன் எல்லாம் சிரிச்சான். பரவால்ல, என் வீட்டுக்காரர் யோக்கியர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்த ஒண்ணாவது எனக்கு மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

அடுப்பை நான்தான் அணைத்தேன்.

14 நவம்பர்

குழுவில் எழுதினேன். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். முதல் மூன்றிலும் 'சூழ்நிலை' என்று ஒரு சொல் எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியாகப் போட்டது இது:

"ஆகஸ்ட் 31 அன்று நான் காட்டிய தலைக்கவசம் நான் செய்ததல்ல. முத்துப்பேட்டை இர்ஃபானா செய்தது. நிறம் பூசுவதற்காக என்னை நம்பிக் கொடுத்தார். அவருக்குத் தெரியாமல் அச்சு எடுத்தேன். ஃபாஜில் கேட்டபோது அவர்மேல் பழி விழும்படி பேசினேன். பெரியநாயகசாமி, தஞ்சாவூர்."

ஃபாஜில் கூப்பிட்டான். "உங்கள சார்னு கூப்பிட்டேனே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

மாலைக்குள் என்னை நீக்கிவிட்டார்கள். அவளைத் திரும்பச் சேர்த்து, சென்னை இடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டதாக ஃபாஜில் தனியாக எழுதியிருந்தான். குழு வழக்கப்படி அச்சையும் வார்ப்பையும் அழித்துப் படம் அனுப்ப வேண்டும் என்றும்.

17 நவம்பர், ஞாயிறு

ரம்பத்தால் வார்ப்பை நான்காக அறுத்தேன். சிலிகான் அறுபடாமல் இழுத்துக்கொண்டே போனது. கத்தியால் துண்டு துண்டாக நறுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஃபிளோராவைத்தான் படம் எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எடுத்தாள். "கை தெரியற மாதிரி வெட்டுங்க, அப்பறம் வேற யாரோடதோன்னு சொல்லுவாங்க" என்றாள்.

இர்ஃபானாவுக்கும் அனுப்பினேன். பார்த்திருக்கிறாள்.

8 டிசம்பர்

கோயிலுக்குப் போகவில்லை. ஃபிளோரா தனியாகப் போனாள். அண்ணி கேட்டதற்கு, "சென்னைக்குப் போகல, அது இவரு செஞ்சதில்ல" என்று சொன்னாளாம். வந்து என்னிடம் சொன்னாள். மறைத்துப் பேச மாட்டாளாம், இனிமேல்.

26 டிசம்பர்

கல்லூரி விடுமுறை. பழைய ஞாபகத்தில் வெல்மார் ஆறாம் பகுதியைப் போட்டேன். கவசத்தின் கன்னத்தில் ஒரு நீளக் கீறல் வரும்; அந்தக் காட்சியை நிறுத்தித்தான் இர்ஃபானாவின் ஹெல்மெட்டில் இடது கன்னத்தில் கீறலைப் போட்டேன். இன்று பார்க்கும்போது காவலன் நெஞ்சிலிருக்கும் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கின்றன. அந்த ஒரு காட்சியை மட்டும் இடவலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். மற்ற எல்லாக் காட்சிகளிலும் கீறல் வலது கன்னத்தில்தான்.

ஆக, சென்னைக்குப் போகப்போவது தவறான கன்னத்தோடு. அந்த முதியவர் எடுத்தவுடன் பார்த்துவிடுவார். பதினான்கு மாத உழைப்பில் அவர் கண்ணில் முதலில் படுவது என் பிழையாக இருக்கும்.

முதலில் தோன்றியது என்ன என்று எழுத வேண்டும். படட்டுமே என்றுதான் தோன்றியது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். அதில் ஒரு சுகமும் இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டேன், தண்டனையும் ஆகிவிட்டது, இன்னும் இதுவா உள்ளே இருக்கிறது?

27 டிசம்பர்

எழுதினேன்: "நான் போட்ட கீறல் பக்கம் மாறிவிட்டது. ஆறாம் பகுதியில் அந்தக் காட்சி புரட்டப்பட்டது. வலது கன்னத்தில் வர வேண்டும். வேறு யாரிடமாவது கொடுத்தும் சரிசெய்யலாம். நிறக் கலவை விவரம் அனுப்புகிறேன்."

28 டிசம்பர்

பதில்: "இங்க வந்து பண்ணுங்க. ஹெல்மெட் வீட்டை விட்டு வெளிய வராது."

5 ஜனவரி 2025, ஞாயிறு

பட்டுக்கோட்டை வழியாக முத்துப்பேட்டை. வழியெல்லாம் சம்பா பால் பிடித்து நின்றது. கேட்டு விசாரித்துப் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள், ரெசின் வாசனை. மேசைமேல் தலைக்கவசம்.

மீரா உசேன் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பிங்க" என்றார். இடது கன்னத்துக் கீறலைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, நிறம் ஏற்றி, காயவிட்டு, வலது கன்னத்தில் புதிதாகக் கீறி, புழுதி போட்டேன். மூன்று மணி நேரம். அவருக்குப் போன் வந்தது, எடுக்கவில்லை. படகுக்காரர் ஒருவர் கூப்பிட்டார், "அப்பறம் வாங்க, வேலையா இருக்கேன்" என்று அனுப்பிவிட்டார். வேலை, என் கைகளைப் பார்ப்பது.

இர்ஃபானா நடுவில் வந்து நின்றாள். "புரட்டிப் போட்டிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நெஞ்சு எழுத்தைச் சொன்னேன். போனில் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தாள். "அட, ஆமா! நாலு வருஷமா பாக்குறேன், எனக்குப் படலயே. இதுல பாருங்க சார், பெல்ட்டு கூட..." என்று என் பக்கம் போனைத் திருப்பியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். "காஞ்சிடுச்சா?" என்றாள்.

"காஞ்சிடுச்சும்மா."

கிளம்பும்போது, யாரும் கேட்கவில்லை, என் பையைத் தரையில் கொட்டினேன். பிரஷ்கள், மூன்று நிற டப்பா, வண்டல் பொட்டலம், துணி, தண்ணீர் பாட்டில். சிலிகான் இல்லை. வேண்டாம் சார், எதுக்கு இதெல்லாம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. மீரா உசேன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். துணியை உதறிப் பார்த்தார். "சரி, எடுத்து வைங்க" என்றார்.

இர்ஃபானா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "வாப்பா, சார நாலு மணி பஸ்ல ஏத்தி விட்டுட்டு வாங்க."

பஸ் வரும்வரை அவர் என் பக்கத்திலேயே நின்றார். நான் ஏறியதும், "ஜன்னலோரம் உக்காருங்க, காத்து வரும்" என்றார்.